சாப்பாடு முதலில், கிளப் அப்புறம்

"அத்தை, சனிக்கிழமை சாயங்காலம் நீங்களும் நானும் வெளிய போறோம். முதல்ல நல்ல ஹோட்டல்ல சாப்பாடு, அப்புறம் டான்ஸ் கிளப். எல்லா ஏற்பாடும் நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்பி வந்தா போதும்."

மருமகள் இப்படிச் சொன்னபோது மாமியார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் உள்ளே போகவில்லை. எப்படிப் போகும்? கல்யாணமாகி மூன்று வருஷம். "சாப்டீங்களா அத்தை", "சாப்டேம்மா" என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச்சு வளர்ந்ததில்லை. சண்டையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. அப்படிப்பட்ட மருமகள் திடீரென்று ஆட்டம் போட வா என்று கூப்பிட்டால் எந்த மாமியாருக்குத்தான் நூல் கோக்க வரும்?

"நாம ரெண்டு பேரு மட்டுமா?"

"ஆமா அத்தை. அவருக்கு இந்த வாரம் வெளியூர்ல டிரெய்னிங், ஞாயித்துக்கிழமைதான் வருவார். அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், என்ன?"

அந்த "என்ன" என்ற ஒற்றைச் சொல் போதும். மாமியார் ஊசியையும் நூலையும் கீழே வைத்துவிட்டாள்.

இந்த மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கான கோட்டு சூட்டு விற்கும் ரெடிமேட் கடையில், துணி போட்டுப் பார்க்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் தையல் மெஷினும் இருக்கும். அங்கேதான் அவளுக்கு வேலை. கால் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரிப்பது, தோளை ஏற்றுவது. கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். அதனால் கடையில் முதலாளி முதல் துடைப்பக்காரர் வரை எல்லோருக்கும் அவள் டேப்பம்மா. வருகிறவன் பேண்ட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், இவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். இடுப்பை இறுக்கித் தைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை, பிரித்துத் தைக்கச் சொன்னால் சமாதானம். அவள் கணக்கு அது. பத்துக்கு நாலு தடவை சரியாக இருக்கும். மீதி ஆறை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

புருஷன் போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்து, தையல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்கு வந்தவள். மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப் போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி. அதில் சின்ன அறை இவளுடையது. ஜன்னலோரம் மெஷின், அதற்குப் பக்கத்தில் கட்டில். வேலையில்லாத நேரமெல்லாம் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, கீழே யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் காட்டியதில்லைதான். ஆனால் அவளே தினமும் தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

சந்தேகம் அன்றைக்கு முளைத்ததல்ல. ஒரு மாதமாகவே மருமகளின் போக்கு சரியில்லை. ஒருநாள் இவள் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், மருமகள் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறாள். பல்பைக் கழற்றி உள்ளே பார்க்கிறாள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தை இறக்கிப் பின்பக்கம் தட்டிப் பார்க்கிறாள். இவளைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "தூசி அத்தை" என்றாள். தூசி தட்டுகிறவள் கையில் துணி இருக்க வேண்டாமா? வீட்டை மாற்றியமைக்கப் போகிறாள், அதற்குத்தான் நோட்டம் விடுகிறாள் என்று டேப்பம்மா முடிவு கட்டினாள்.

அது போதாதென்று போன வாரம் பால்கனியில் நின்று மருமகள் போனில் பேசியது காதில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, இவள்தான் துணி எடுக்கிற சாக்கில் போய்க் காதைக் கொடுத்தாள். "ஒரு ஆளுக்குத்தாங்க. ஒரு ரூம் போதும். ஜன்னல் இருக்கணும். சுத்தி இருக்கறவங்க நல்லவங்களா இருக்கணும். இல்லீங்க, கூட யாரும் வர மாட்டாங்க, தனி ஆளுதான்."

தனி ஆள். ஜன்னல் வேண்டும். இந்த வீட்டில் ஜன்னலே கதியென்று கிடக்கிற தனி ஆள் யார்? டேப்பம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அடிமடியிலேயே கை வைத்துவிட்டாளே!

இப்போது ஹோட்டல், கிளப், அவரிடம் சொல்ல வேண்டாம். மறுநாள் கடையில் கேஷியரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கேஷியர் இவளைவிட வயதில் சின்னவள், வாயில் பெரியவள். யாராவது அழுதால் ஆறுதல் சொல்ல மாட்டாள், காரணம் சொல்வாள்.

"டேப்பம்மா, இது புரியலையா உங்களுக்கு? எங்க நாத்தனாரும் அவ மாமியாரை முதியோர் இல்லத்துல விடறதுக்கு முன்னாடி இதே வேலையைத்தான் பண்ணினா. ஹோட்டல்ல எதுக்கு சொல்றாங்க? நாலு பேரு பாக்கற இடம், நீங்க சத்தம் போட முடியாது. அதுக்குத்தான்."

"சரி, கிளப் எதுக்கு?"

கேஷியர் ஒரு நிமிஷம் யோசித்தாள். "மீறி சத்தம் போட்டாலும் அங்க யாருக்கும் கேக்காதுல்ல?"

இந்தப் பதிலில் டேப்பம்மா ஆடிப்போய்விட்டாள். எனக்கும் சொல்லத் தோன்றுகிறது, ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு ஒழுங்காக அடுக்கிச் சொல்ல எல்லோராலும் முடியாது. தூக்கம் போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு மருமகள் எதைக் கேட்டாலும் இவளுக்கு வேறாகவே பட்டது. மருமகளுக்குத் தொழிலே இதுதான், பாவம். கம்பெனிக்காரர்கள், பிறந்தநாள்காரர்கள் எல்லோருக்கும் ஒரு சாயங்காலத்தை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். எங்கே சாப்பிடுவது, எங்கே ஆடுவது, யார் எந்த வண்டியில் திரும்புவது, எல்லாம் அவள்தான் பார்த்துப் பார்த்துச் செய்வாள். அதே பழக்கத்தில் மாமியாரையும் உட்கார வைத்துக் கேட்டாள்.

"கடவாய்ப் பல்லு இன்னும் வலிக்குதா அத்தை? மெத்துனு இருக்கற சாப்பாடா சொல்லிடறேன்."

"ம்."

"முட்டி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறுவீங்களா? லிஃப்ட் இருக்கற கிளப்பா பாக்கறேன். உக்கார நாற்காலிக்கும் சொல்லி வைக்கறேன்."

"ம்."

"மாத்திரை எதாவது சாயங்காலம் போடறீங்களா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வரும்?"

பல், முட்டி, மாத்திரை, தூக்கம். முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது என்னென்ன கேட்பார்களோ அத்தனையும் வரிசையாகக் கேட்டுவிட்டாளே! கடைசியில் மருமகள், "உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும்? பழைய பாட்டு மட்டும் போடற நேரம் ஒண்ணு இருக்காம், ஏழரைக்கு அப்புறம்" என்றாள். ஓகோ, அங்கே பாட்டெல்லாம் போட்டுப் பொழுது போக்க வைப்பார்களா என்று மாமியார் மனசுக்குள் பல்லைக் கடித்தாள். கடவாய்ப் பல் வலித்தது.

புதன்கிழமை மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிரெய்னிங்குக்குக் கிளம்பினான். அன்று மாலையே மருமகள் ஒரு கறுப்பு கவுனைக் கொண்டுவந்து நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, ஒருமுறைகூடப் போடவில்லையாம். "இடுப்புல தொளதொளன்னு இருக்கு அத்தை. கொஞ்சம் பிடிச்சுக் குடுக்கறீங்களா? சனிக்கிழமைக்கு."

டேப்பம்மா டேப்பைச் சுற்றினாள். சுற்றியவள் மறுபடியும் சுற்றினாள். கல்யாணத்தின்போது இவள் கையால்தான் இந்தப் பெண்ணுக்கு அளவெடுத்திருந்தாள். அந்த இடுப்பு எங்கே, இந்த இடுப்பு எங்கே! விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. என்னம்மா இப்படி இளைச்சுட்டே என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்ததுதான். ஆனால் சந்தேகம் பிடித்தவர்களுக்கு இரக்கம் வந்தாலும் கூடவே ஒரு யோசனையும் வந்து தொலையும். ராத்திரி பகலாகத் திட்டம் போட்டால் உடம்பில் சதை எப்படி ஒட்டும் என்று நினைத்துக்கொண்டு ஊசியைக் குத்தினாள். குத்தின வேகத்தில் மருமகளுக்குச் சுருக்கென்றது.

"நல்லா இருக்கா அத்தை?"

"இருக்கு."

வியாழக்கிழமை மத்தியானம் மகனிடமிருந்து போன் வந்தது. அது தினமும் வரும் போன். மகனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. மோதி நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, வண்டிக்காரன் சொல்வது நிஜமா புளுகா என்று கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். எத்தனை வேலை இருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அம்மாவைக் கூப்பிடத் தவற மாட்டான். இதில் டேப்பம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கேஷியரின் மகன் மாதம் ஒருமுறை கூப்பிட்டாலே அதிகம். "என் பையன் தினமும் பேசுவான். வீட்டு விஷயம் ஒண்ணு விடாம கேப்பான்" என்று அவள் காதில் விழும்படி இவள் சொல்வாள்.

கேட்கத்தான் செய்வான். அவ காலைல எத்தனை மணிக்குக் கிளம்பினா, என்ன டிரஸ், நேத்து எப்ப வந்தா, யாராவது வண்டில கொண்டுவந்து விட்டாங்களா, போன்ல ரொம்ப நேரம் பேசினாளா. டேப்பம்மா சளைக்காமல் சொல்வாள். மதியத்தோடு கடை வேலை முடிந்து, பிறகு ஜன்னலே கதியென்று இருப்பவளுக்குத் தெரியாதது என்ன? பெண்டாட்டி மேல் என்ன அக்கறை என் பிள்ளைக்கு என்று பூரித்துப்போவாள். அவன் அப்பா ஒருநாள்கூட இப்படி விசாரித்ததில்லை.

அன்றைக்கு அவன் கேட்பதற்கு முன்பே இவளுக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் சொல்ல வேண்டாம் என்றதெல்லாம் காற்றில் போயிற்று. ஹோட்டல், கிளப், பால்கனிப் பேச்சு, தனி ரூம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "என்னை எங்கயோ கொண்டுபோய்த் தள்ளப் பாக்கறாடா. நீ கேக்க மாட்டியா?"

மகன் ரூம் பேச்சைப் பிடித்துக்கொண்டான்.

"ரூம் பாக்கறாளா? உனக்கு நல்லாத் தெரியுமா?"

"என் காதால கேட்டேன்."

"எந்த ஹோட்டல்?"

சொன்னாள்.

"சரி. நான் சனிக்கிழமையே கிளம்பி வந்துடறேன். எட்டு மணிக்கு நேரா ஹோட்டலுக்கே வரேன். நான் வர்றது அவளுக்குத் தெரியக் கூடாது. அதுவரைக்கும் அவளை அங்கேயே உக்கார வெச்சுக்கோ."

டேப்பம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான் என்று கேஷியரிடம் போய்ச் சொன்னாள். டிரெய்னிங்கைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவுக்காக ஓடி வருகிறவன்!

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள். மருமகள் கறுப்பு கவுன் போட்டு, உதட்டில் லேசாகச் சாயம் பூசியிருந்தாள். டேப்பம்மா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பை எடுத்து உடுத்தியிருந்தாள். எதற்கு? தோற்கடிக்கப் போகிறவளுக்கு எதிரே கந்தலோடு உட்காரக் கூடாது என்ற வீம்புதான். லிஃப்டில் மருமகள் அவளைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கீங்க அத்தை" என்றாள். ஐஸ் வைக்கிறாள் என்று டேப்பம்மா லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹோட்டல் கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. தெருவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. மருமகள் ஏற்பாடு செய்திருந்த மேசை அந்தக் கண்ணாடியை ஒட்டி. "உங்களுக்கு வேடிக்கை பாக்கப் பிடிக்குமேன்னு சொல்லி வெச்சேன்" என்றாள். டேப்பம்மாவுக்கும் அது வசதியாகத்தான் போயிற்று. மகன் வருவதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். சுவரில் கடிகாரம் ஏழைத் தாண்டியிருந்தது.

சூப் வந்தது. ஆவியில் வேக வைத்த மீன் வந்தது. முள்ளே இல்லை, நாக்கில் வைத்தால் கரைந்தது. மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய மெத்தென்ற ரொட்டி. கடவாய்ப் பல்லுக்கு வேலையே வைக்காத சாப்பாடு. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு ருசியை டேப்பம்மா அதுவரை சாப்பிட்டதில்லை. ஆனாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

மருமகள் அதிகம் சாப்பிடவில்லை. கரண்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

வந்துவிட்டது! டேப்பம்மா கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீ கஷ்டப்பட வேணாம். ரூம் பாத்தாச்சா?"

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களுக்கு எப்படி…"

"காது இருக்கே எனக்கு. ஜன்னல் இருக்கா? சுத்தி இருக்கறவங்க நல்லவங்களா? என்னை என்னிக்குக் கொண்டுபோய் விடறதா உத்தேசம்? அதையும் இங்கேயே சொல்லிடு."

மருமகள் அவளையே பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"ஐயோ அத்தை! உங்களையா? உங்களை எதுக்கு நான் கொண்டுபோய் விடணும்? ரூம் எனக்கு. போகப்போறது நான்."

டேப்பம்மா கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"எங்க போற?"

"தனியா இருக்கப் போறேன். இனிமே அந்த வீட்ல இருக்க முடியாது அத்தை. உங்க பிள்ளை என்னை அடிக்கல, திட்டல. அப்படிப் பண்ணியிருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன். கேள்வி கேக்கறார். மூணு வருஷமா தினமும் ராத்திரி உக்கார வெச்சுக் கேள்வி. ஏன் இவ்வளவு நேரம், யார்கூட வந்தே, எதுக்கு சிரிச்சே. நான் ஒண்ணு சொன்னா அது பொய்யான்னு பாக்க மறுநாள் அதையே வேற மாதிரிக் கேப்பார். நசுங்கின வண்டியைச் சுத்தி வந்து பாக்கற மாதிரி என்னைச் சுத்திச் சுத்தி வரார்."

குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்காது.

"ஊருக்கெல்லாம் ராத்திரி விருந்து, ஆட்டம்னு நான்தான் ஏற்பாடு பண்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஒண்ணுக்குக்கூடப் போனதில்ல. போனா யார்கூடன்னு கேப்பார். யோசிச்சுப் பாத்தேன், இந்த ஊர்ல நான் யார்கூட வெளிய போனா அவர் சந்தேகப்பட மாட்டார்னு. உங்களைத் தவிர ஆளே இல்ல அத்தை. போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது நிம்மதியா சாப்பிட்டு, ஒரு பாட்டுக்காவது ஆடிட்டுப் போகணும்னு இருந்தது. அதோட உங்ககிட்ட சொல்லாம போகவும் மனசு வரல. நீங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

டேப்பம்மா தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்ல" என்றாள் மருமகள். "போன மாசம் எனக்குத் தலைவலின்னு ஆபீஸ்ல பாதியிலேயே வந்து படுத்தேன், ஞாபகம் இருக்கா? நீங்ககூட தைலம் தேச்சு விட்டீங்க. அவர்கிட்ட நான் சொல்லல, சொன்னா அதுக்கும் கேள்வி வரும்னு. மறுநாள் ராத்திரி அவரே கேக்கறார், 'மத்தியானமே வந்துட்டியாமே, ஏன்?'னு. அதுக்கு முன்னாடியும் இப்படி எத்தனையோ தடவை. வீட்ல எங்கயோ கேமரா வெச்சிருக்கார் அத்தை. பல்பு, கடிகாரம், ஜன்னல் கம்பின்னு தேடாத இடமில்ல. இன்னும் கிடைக்கல."

கிடைக்காது. அது அவளுக்கு எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பாவம், தலைவலியோட வந்து படுத்தாடா, மூஞ்சியே வாடிப்போச்சு என்று டேப்பம்மாதான் மறுநாள் மத்தியானம் போனில் சொன்னாள். அக்கறையாகத்தான் சொன்னாள். பிள்ளை மனசு விட்டுப் பேசுகிறான், பேச்சை நீட்ட வேண்டுமே என்று ஆசையாகத்தான் சொன்னாள். மூன்று வருஷத்துப் போன்களும் வரிசையாக வந்து எதிரே நின்றன. அவன் ஒருநாளாவது நீ சாப்பிட்டாயா, உனக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறானா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். கேட்டதே இல்லை. அதைக் கேட்டது எதிரே உட்கார்ந்திருப்பவள்தான். அதையும் இந்தப் பாழாய்ப்போன மனசு எப்படி எடுத்துக்கொண்டது!

கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டுக்கு அதிக நேரம் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம். மகன் தற்செயலாக வந்தான் என்று ஆகிவிடும், கேமராவை இவள் இன்னும் கொஞ்ச நாள் தேடுவாள். ஒரு நொடி அப்படியும் நினைத்தாள். உங்களிடம் மறைத்து என்ன பிரயோஜனம்? நினைத்தாள்தான்.

"கேமரா இல்லம்மா" என்றாள். "நான்தான்."

"என்ன அத்தை?"

"தினமும் மத்தியானம் கூப்பிடுவான். கேப்பான். நான் சொல்லுவேன். எங்கிட்ட ஆசையா பேசறான்னு நெனச்சுட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கு இங்க வர்றதையும் சொல்லிட்டேன். நீ ரூம் பாக்கறதையும் சொல்லிட்டேன். எட்டு மணிக்கு இங்க வரான். அதுவரைக்கும் உன்னை உக்கார வெச்சுக்கச் சொன்னான்."

மருமகள் கத்துவாள், தட்டை எறிவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று டேப்பம்மா காத்திருந்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் அத்தை?" என்றாள் மருமகள். அவ்வளவுதான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி உதட்டுச் சாயம் வரைக்கும் வந்தது.

டேப்பம்மாவிடம் பதில் இருந்தது. என் அறை போய்விடும் என்று பயந்தேன், அதுதான் பதில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். சொல்லிவிட்டு, "அழறதுக்கு இப்ப நேரமில்ல. உன் பெட்டி எங்க?" என்றாள்.

"ஆபீஸ்ல. நாளைக்குக் காலைல எடுத்துட்டுப் போகலாம்னு…"

"நாளைக்கு வேணாம். இப்பவே போ. அவன் வந்து உக்காந்தான்னா கேள்வி ஆரம்பிச்சுடுவான். நீ பதில் சொல்லிட்டே வீட்டுக்கு வந்துடுவே. அப்புறம் உன்னால கிளம்ப முடியாது. எழுந்திரு."

மருமகள் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். போகிறவள் நின்றாள். எத்தனை கோபம் இருந்தாலும் சொல்லிவிட்டுப் போகிற வளர்ப்பு. "ரூம் எங்கன்னா அத்தை, அந்தப் பெரிய…"

"சொல்லாத!"

டேப்பம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எங்கிட்ட சொல்லாதம்மா. எந்தத் தெரு, எந்தப் பக்கம், ஒண்ணும் சொல்லாத. அவன் நாளைக்குக் கேப்பான், நாளன்னிக்குக் கேப்பான். ஒருநாள் அம்மான்னு ஆசையா கூப்பிட்டுக் கேப்பான். அன்னிக்கு நான் சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும். என்னை நம்பாத."

மருமகள் மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மேசையைச் சுற்றி வந்து, மாமியாரின் தோளில் கையை வைத்தாள். எடுத்தாள். கதவைப் பார்த்து நடந்தாள். கறுப்பு கவுன் இடுப்பில் கச்சிதமாகப் பிடித்திருந்தது.

கண்ணாடிக்கு வெளியே தெரு முழுதும் தெரிந்தது. இடப்பக்கம் போனால் பஸ் நிலையம், வலப்பக்கம் போனால் ஆற்றுப் பாலம். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று இங்கிருந்தே பார்த்துவிடலாம். வாடகை வண்டி பிடித்தால் அதன் நிறம்கூடத் தெரியும். டேப்பம்மா எழுந்தாள். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தரதரவென்று திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். எதிரே வெறும் சுவர். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "என்னம்மா, ஜன்னல் பக்கம்தானே கேட்டிருந்தீங்க? திருப்பிப் போடட்டுமா? ரோடு நல்லா தெரியும்."

"வேணாம்ப்பா. இப்படியே இருக்கேன்."

"அவங்க திரும்பி வருவாங்களா? பாதி சாப்பாடு அப்படியே இருக்கு."

"வர மாட்டா. அந்தத் தட்டை எடுத்துடுங்க" என்றாள் டேப்பம்மா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் பிள்ளை வருவான் இப்ப. அவனுக்கு ஒரு தட்டு கொண்டு வந்து வைங்க."